இறந்த அரசர்களுக்கு வாசித்த சட்டம்

"தாயே, என் தீர்ப்பில் ஒரு பிழையும் இல்லை. அப்படியிருந்தும் முத்திரை வைக்க மனம் வரவில்லை. ஏன்?"

கேட்டவர் ஓட்டோகர், எல்டர்மார்க் நாட்டின் தலைமை நீதிபதி. கேட்கப்பட்டவள் வால்புர்கா, அரசர்களின் கல்லறைகளைக் காக்கும் மடத்தின் தலைவி. அவருடைய கடைசி மகளின் வயதுகூட அவளுக்கு இராது. ஆனாலும் மடத்துத் தலைவியைத் தாயே என்றுதான் அழைக்க வேண்டும். ஓட்டோகர் மரபை மீறாதவர். முழங்கால் வலிக்க மண்டியிட்டுத்தான் கேட்டார்.

"தீர்ப்பு என்ன?"

"பெண் வழியாக வரும் உரிமை, அரசுரிமை ஆகாது. மறைந்த அரசருக்கு அடெலிண்ட் ஒரே மகள். நண்பகலில் அவள் தலைக்கு உங்கள் மடத்தின் துறவு முக்காடு. அவள் சித்தப்பா தலைக்கு மகுடம்."

"அவளுக்கு லத்தீன் கற்றுக்கொடுத்தது நீங்கள்தானே?"

"நன்றாகவே படித்தாள்" என்றார் ஓட்டோகர், தரையைப் பார்த்து.

"இந்தச் சட்டம் எப்போது செய்தது?"

நீதிபதியின் முகத்தில் சின்னதாய் ஒரு பெருமை வந்தது.

"நேற்று. ஆனால் புதுச் சட்டத்தை யார் மதிப்பார்கள்? அதனால் 'ஆதி முதல் இதுவே சட்டம்' என்று ஒரு வரி சேர்த்தேன். எங்கள் தொழிலில் அதுதான் நுட்பம்."

"கெட்டிக்காரர். கீழே வாசித்தாயிற்றா?"

ஓட்டோகர் விழித்தார். அரசுரிமைச் சட்டம் எதுவானாலும், முதலில் நிலவறையில் உறங்கும் அரசர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பது அந்நாட்டு வழக்கம். அவருடைய தாத்தா காலத்திலேயே அதைக் கைவிட்டுவிட்டார்கள். படிகள் வழுக்குகின்றன என்று காரணம் சொன்னார்கள்.

"அது வெறும் சடங்கு, தாயே."

"அப்படியானால் சிரமமே இல்லை. கேட்பவர்கள் குறுக்கே பேச மாட்டார்கள்."

இறங்கினார்கள். வரிசையாகக் கல்லறைகள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஓர் அணையா விளக்கு. காற்றே இல்லை.

ஓட்டோகர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

"பெண் வழியாக வரும் உரிமை, அரசுரிமை ஆகாது. ஆதி முதல் இதுவே சட்டம்."

கோடியில், முதல் அரசரின் விளக்கு அணைந்தது.

"எண்ணெய் தீர்ந்திருக்கும்."

"காலையில்தான் ஊற்றினேன்" என்றாள் வால்புர்கா. "அவருக்கு இந்த நாடு எப்படி வந்தது?"

"அரசி ஹில்ட்ரூடை மணந்ததால். நாடு அவளுடைய..."

ஓட்டோகர் நிறுத்திக்கொண்டார்.

அடுத்த விளக்கு அணைந்தது. அது மகனுடையது. அதற்கடுத்தது பேரனுடையது. அவசரமே இல்லாமல், யாரோ நடந்து வந்து ஒவ்வொன்றாய் ஊதுவதுபோல இருட்டு அவர்களை நோக்கி வந்தது.

"அந்த வரியை எடுத்துவிடுகிறேன், தாயே. 'இனிமேல்' என்று திருத்திவிடுகிறேன்."

"வாசித்தாயிற்றே."

கடைசியாக, மாலைகள்கூட இன்னும் வாடாத புதுக் கல்லறையின் விளக்கும் அணைந்தது. அடெலிண்டின் தந்தையுடையது.

மேலே முடிசூட்டு மணி அடிக்கத் தொடங்கியது.

"தாயே, படி எந்தப் பக்கம்?"

கையை நீட்டித் துழாவினார். ஒரு கல் தட்டுப்பட்டது. அது குளிர்ந்திருக்கவில்லை.

"யார் அது?" என்று இருட்டில் ஒரு குரல் கேட்டது.

"அரசரின் தலைமை நீதிபதி" என்றார் ஓட்டோகர், பழக்க தோஷத்தில்.

"எந்த அரசரின்?"

குரல் தாயுடையது அல்ல. சில நாட்களுக்கு முன்புவரை தினமும் காலையில், அரசவையில் எழுந்து நின்று அவர் கேட்டுப் பழகிய குரல்.