ரேம் கூட்டச் சொன்ன குரு

"கேட்டு நாப்பது நிமிஷம் ஆச்சு, குருவே. ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கல" என்றார் தனசிங்.

மறுமுனையில் இருந்த குருவுக்கு வயது இருபத்தேழு. பெயர் இசக்கி. அம்பை என்கிற அம்பாசமுத்திரத்தில் வீட்டில் இருந்தபடியே ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு வேலை பார்க்கும் பெண்.

சிஷ்யருக்கு ஐம்பத்தொன்று. பாளையங்கோட்டையில் கணக்கு வாத்தியார். பதினைந்து வருடமாகச் சதுரங்கப் போட்டிகளின் நடுவர். இரண்டு வருடமாக இசக்கியிடம் கணினி நிரல் எழுதக் கற்கிறார்.

இசக்கி எந்தக் கேள்விக்கும் நேராகப் பதில் சொன்னதில்லை. அதனாலேயே குழுவில் எல்லோரும் அவரைக் குரு என்றார்கள். பாதி மரியாதை, பாதி கேலி.

"எங்க கேட்டீங்க?"

"நம்ம நிரலர் குழுவுலதான். நிரலையும் இணைச்சிருக்கேன்."

அலைபேசிக் குழு அது. அறுநூறு பேர்.

"குழுவுல இப்ப என்ன ஓடுது?"

"போன் சார்ஜை எம்பதோட நிறுத்தணுமா, நூறு வரைக்கும் விடலாமான்னு ஓடுது. நூத்தி முப்பது செய்தி."

"நீங்க எந்தக் கட்சி, சார்?"

"குருவே! இங்க நூத்தி அறுபத்துநாலு பிள்ளைங்க காத்திருக்கு!"

அவர் குரல் கூடத்தில் எதிரொலித்தது. மாவட்டப் பள்ளிகளின் சதுரங்கப் போட்டி. மொத்தம் ஏழு சுற்று. நான்கு முடிந்துவிட்டன. ஐந்தாம் சுற்று மதியம் இரண்டரைக்கு.

ஒவ்வொரு சுற்றுக்கும் யார் யாரோடு ஆடுவது என்று ஜோடி சேர்க்கும் நிரலைத் தனசிங்தான் எழுதியிருந்தார். சமமான புள்ளி உள்ளவர்கள் மோத வேண்டும். ஒரு முறை மோதியவர்கள் மறுபடி மோதக்கூடாது. நான்கு சுற்றுக்கு நிரல் சொன்ன பேச்சைக் கேட்டது. ஐந்தாவதுக்குத் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

ஒருங்கிணைப்பாளர் சங்கரபாண்டியன் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

"ரெண்டரைக்குப் பட்டியல் சுவத்துல இருக்கணும், சார். இல்லேன்னா போட்டியை இதோட நிறுத்திட்டு, போன வருஷப் பட்டியல்படி மாவட்ட அணியை அனுப்பிருவேன்."

போன வருடப் பட்டியலில் உலகம்மாள் இல்லை.

மணிமுத்தாறு பக்கத்துப் பிள்ளை. ஏழாம் வகுப்பு. இதுதான் முதல் போட்டி. நான்கு ஆட்டம், நான்கு வெற்றி. எல்லோரும் சாப்பிடப் போயிருக்க, அவள் காலிப் பலகை முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"உங்க கேள்வியைப் படிச்சேன், சார்" என்றார் இசக்கி. "ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. வணக்கம், முன்னுரை, அஞ்சு உட்பிரிவு, நன்றி. பரீட்சைத் தாள் மாதிரி இருக்கு."

"பதில் தெரியுமா, தெரியாதா?"

இணைப்பு துண்டானது.

அடுத்த நிமிடம் குழுவில் இசக்கியின் செய்தி வந்து விழுந்தது.

"தனசிங் சார், இது நிரல் பிரச்சினையே இல்லை. உங்க கம்ப்யூட்டர்ல ரேம் பத்தாது. ரெட்டிப்பாக்குங்க, ஓடிடும்."

தனசிங் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மூன்றாம் முறை படித்தார். நினைவகத்தைக் கூட்டி இது தீராது என்று, இரண்டு வருடம் படித்த அவருக்கே தெரிந்தது.

கால் நிமிடம்கூட ஆகவில்லை.

குழுவில் மடை உடைந்தது.

"குருவே, அம்பையில வெயில் ஜாஸ்தியோ?"

"ரேமா? லேய், கடையில இருக்கிற ரேமை எல்லாம் அள்ளிப் போட்டாலும் சூரியன் அணையுற வரைக்கும் இது சுத்தும்லே!"

"யக்கா, நீங்களா இது? போனை யாராவது திருடிட்டாங்களா?"

இசக்கி எண்ணெய் ஊற்றினார்: "அனுபவத்துல சொல்றேன்."

சார்ஜ் சண்டை அந்த நொடியே நின்றது. எம்பதுக் கட்சியும் நூறுக் கட்சியும் தோளோடு தோள் நின்று இசக்கி மேல் பாய்ந்தன. சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்தன. ஒருவர் படமே வரைந்து அனுப்பிவிட்டார்: இசக்கி, தலையில் ரேம் மூட்டை.

அந்தச் சந்தடியில் சாகுல் வந்தார். கல்லூரி விரிவுரையாளர். மூன்று வருடத்தில் பிறந்தநாள் வாழ்த்து தவிர எதுவும் எழுதாதவர். இப்போது பதினோரு வரி எழுதினார்.

"யாராவது அவர் நிரலைத் திறந்து பார்த்தீங்களா? மேலேருந்து ஜோடி சேர்த்துட்டே வருது. கடைசியில மிஞ்சுற ரெண்டு பேரும் ஏற்கெனவே மோதினவங்க. உடனே திரும்பிப் போய் ஒவ்வொரு ஜோடியா மாத்திப் பார்க்குது. அது கோடி கோடி வழி, எப்படி முடியும்? எந்தப் பிள்ளைக்கு எதிராளி குறைச்சலோ, அந்தப் பிள்ளைக்கு முதல்ல தேடச் சொல்லுங்க. ரேமாம் ரேம்!"

கூடவே மாற்ற வேண்டிய இடத்தையும் எழுதிக் கொடுத்திருந்தார்.

தனசிங் நிரலைத் திறந்தார். மாற்றினார். ஓட்டினார்.

வட்டம் சுற்றியது. நின்றது. பன்னிரண்டு விநாடி. எண்பத்திரண்டு ஜோடி.

"வந்துருச்சு!" என்று அவர் போட்ட கத்தலில் சாம்பார் வாளியோடு போன சமையல்காரர் நின்று பார்த்தார்.

இசக்கியைக் கூப்பிட்டார்.

"குருவே! தெரிஞ்சேதான் தப்பா எழுதினீங்களா?"

"வேலை முடிஞ்சுதா, சார்?"

"உங்களுக்குச் சரியான விடை தெரியும்தானே?"

"தெரியாது, சார். தெரிஞ்சிருந்தா அதையே எழுதியிருப்பேனே."

தனசிங்குக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

"அங்க உங்களைத் தாறுமாறாக் கிழிக்கிறாங்க. வேணும்னுதான் அப்படி எழுதினாங்கன்னு நான் போய்ச் சொல்லிடறேன்."

"எதுக்கு, சார்? சாகுல் சார் மூணு வருஷம் கழிச்சு வாயைத் திறந்திருக்கார். ஜெயிச்ச மாதிரியே இருக்கட்டும்."

"உங்க மரியாதை?"

"ரெண்டு மணிக்கு எனக்கு ஆபீஸ் மீட்டிங். முடிய நாலாகும். அதுவரைக்கும் போனை எடுக்க மாட்டேன்."

வைத்துவிட்டார்.

இரண்டு மணிக்குத் தனசிங் பட்டியலைச் சரிபார்த்தார். ஏழாவது ஜோடியில் பென்சில் நின்றது.

அந்த ஜோடியில் இருவருமே கடைசி இரண்டு ஆட்டமும் கறுப்புக் காயில் ஆடியவர்கள். யாரும் தொடர்ந்து மூன்று முறை கறுப்பில் ஆடக்கூடாது என்பது விதி. இருவருக்கும் வெள்ளை தர முடியாது. இப்படி இன்னும் நான்கு ஜோடி இருந்தன. ஒன்றை மாற்றினால் ஒன்பது கலைந்தது. நிரல் முதலில் ஜோடி சேர்த்துவிட்டு, பிறகுதான் நிறத்தைப் பார்த்தது.

குழுவில் கேட்டார். வணக்கம், முன்னுரை, நன்றி.

குழு மறுபடி சார்ஜுக்கே போயிருந்தது. இப்போது கேள்வி, வேகமாக ஏறும் சார்ஜர் போனைக் கெடுக்குமா என்பது.

இசக்கியைக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. மறுபடி. எடுக்கவில்லை.

சங்கரபாண்டியன் தூரத்தில் நின்றபடி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். கையில் போன வருடப் பட்டியல்.

உலகம்மாள் அதே பலகை முன்னால். ஆளில்லாத எதிர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தனசிங் உட்கார்ந்தார்.

அந்தக் குழுவில் அவரிடம் சதுரங்கம் படித்தவர்கள் முப்பது பேராவது இருப்பார்கள். பதினைந்து வருடத்தில் ஒரு தீர்ப்பும் பிசகியதில்லை என்று வெளியூரிலும் பேர். அவர் போன் செய்து விதி கேட்டதில்லை. அவருக்குத்தான் போன் செய்து கேட்பார்கள்.

எழுதினார்.

"தொடர்ந்து மூன்று முறை கறுப்பு வந்தால் குடி முழுகிவிடாது. சதுரங்கத்தில் நிறம் ஒரு பொருட்டே அல்ல. கறுப்போ வெள்ளையோ, வந்ததை வைத்துப் பிள்ளைகள் ஆடட்டும். நடுவர் தனசிங்."

கட்டைவிரல் அனுப்பும் அம்புக்குறி மேல் நின்றது.

அழுத்தினார்.

ஒன்று. இரண்டு. மூன்று. திரையின் மேற்பகுதியில் எட்டுப் பேர் எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது.

முதல் பதில் நாற்பது விநாடிக்குள் வந்து விழுந்தது. எழுதியவர் பேரைத் தனசிங் பார்க்கவில்லை. வரியை மட்டும் பார்த்தார்.

"என்ன சார் பேசறீங்க? விதியை மாத்த நீங்க யாரு? உங்க நிரல்லேயே ஏற்கெனவே மோதினவங்களைச் சேர்க்காதேன்னு ஒரு பட்டியல் இருக்குல்ல? ரெண்டு பேருக்கும் வெள்ளை வேணும்னா, அவங்களையும் அந்தப் பட்டியல்ல தள்ளுங்க. ரெண்டு வரி வேலை. இதுகூடத் தெரியாமலா நடுவரா இருக்கீங்க?"

இரண்டு வரி. அவர் எழுதினார். ஓட்டினார்.

பதினான்கு விநாடி.

கீழே செய்திகள் குவிந்துகொண்டே இருந்தன. "சார், நீங்களா இப்படி?" "உங்ககிட்டப் படிச்சதுக்கு வெட்கமா இருக்கு." "நடுவர் சங்கத்துக்கு இதை அனுப்பணும்." போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு அச்சு எந்திரத்துக்கு ஓடினார்.

இரண்டு இருபத்தாறுக்குப் பட்டியல் சுவரில் ஏறியது. நூற்று அறுபத்துமூன்று பிள்ளைகள் அதன் மேல் விழுந்தார்கள். ஒருத்தி மட்டும் இருந்த இடத்திலிருந்தே, பட்டியல் பார்த்துத் திரும்பிய ஒரு பெரிய வகுப்புப் பையனிடம், "அண்ணே, எனக்கு என்ன?" என்று கேட்டாள். முதல் பலகை, வெள்ளை. அவள் உட்கார்ந்திருந்ததே முதல் பலகைதான்.

சங்கரபாண்டியன் கையிலிருந்த பழைய பட்டியலை மடித்து விசிறிக்கொண்டார்.

மணி அடித்தது. கூடம் அடங்கியது. கடிகாரங்கள் ஓடத் தொடங்கின.

நடுவர் நாற்காலியில் சாய்ந்தபடி தனசிங் போனை எடுத்தார். தன்னைத் திட்டிக் காப்பாற்றிய அந்த முதல் ஆள் யார்? நன்றி சொல்ல வேண்டும். தொண்ணூறு வசவுகளைத் தாண்டி மேலே போனார்.

பேர்: இசக்கி.

நேரம்: இரண்டு பதினொன்று.

அலுவலகக் கூட்டத்துக்கு நடுவில்.

தனசிங் வாயைப் பொத்திப் பார்த்தார். முடியவில்லை. அந்த நிசப்தத்தில் நடுவரே வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

உலகம்மாள் பலகையிலிருந்து தலையைத் தூக்காமலே உதட்டில் விரல் வைத்தாள்.

"உஷ்."