அக்கரையிலிருந்து வந்த சேதி

ஒரு காட்டில், குழந்தைகளே, மரங்கள் முடிகிற இடத்தில் பெரிய ஏரி ஒன்று இருந்தது. ஏரியின் நடுவே ஒரு தீவு. மான்களும் மயில்களும் வாழும் சரணாலயம் அது. பாலம் கிடையாது, பார்க்க வருகிறவர்கள் படகில்தான் போக வேண்டும். படகோட்டி ஒவ்வொருவருக்கும் மிதவைச் சட்டையை மாட்டி, வாரை இழுத்துப் பார்த்த பிறகுதான் படகைக் கிளப்புவார்.

இக்கரையில் ஒரு புள்ளிமான் இருந்தது. அதன் அக்கா அந்தத் தீவில் இருந்தது.

முன்பு அங்கே ஏரி இல்லை, ஓர் ஓடைதான். அக்காவும் தங்கையும் ஒன்றாகவே மேய்ந்து திரிந்தன. மனிதர்கள் ஓடைக்குக் குறுக்கே அணை கட்டினார்கள். அடுத்த மழைக்காலத்தில் தண்ணீர் மளமளவென்று ஏறியபோது அக்கா குன்றின் மேலே இருந்தது, தங்கை கீழே இருந்தது. தங்கை பின்வாங்கிக் காட்டுக்குள் ஓடியது. மழை விட்டுப் பார்த்தால் குன்று தீவாகியிருந்தது.

அன்று பிடித்த ஏக்கம் தங்கை மானை விடவில்லை. காலையில் முதல் படகின் சத்தம் கேட்டதும் கரைக்கு ஓடிவரும். படகு சிறுத்துச் சிறுத்துத் தீவில் ஒதுங்கும் வரை பார்த்துக்கொண்டே நிற்கும். அக்கா இல்லாமல் அதற்குப் பச்சைப் புல்லும் ருசிக்கவில்லை.

ஒருநாள் துணிந்து படகுத்துறைக்கே போய், வரிசையின் கடைசியில் நின்றுவிட்டது! நம்புங்கள், வரிசையில்தான் நின்றது. மனிதர்கள் அதைச் சூழ்ந்துகொண்டு படம் எடுத்தார்கள். படகோட்டி துடுப்பை ஓங்கினார். மான் வெட்கத்தோடு காட்டுக்குத் திரும்பியது.

இதையெல்லாம் புதருக்குள்ளிருந்து ஒரு நரி பார்த்தது. ஓடியாடி இரை தேடுவது என்றால் அதற்கு வேப்பங்காய். உட்கார்ந்த இடத்தில் வயிறு நிறைய வழி பிறந்தது என்று நினைத்தது.

“ஏன் கலங்குகிறாய், தங்கச்சி? நான் தினமும் படகின் பின்பலகைக்கு அடியில் ஒளிந்து தீவுக்குப் போய் வருகிறேன். உன் அக்காவுக்கு என்ன சொல்ல வேண்டும், சொல்,” என்றது.

மானுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் ஒன்று கேட்டது. “நானே நீந்திப் போய்விட முடியாதா, நரியண்ணா?”

“அந்தத் தப்பை மட்டும் செய்துவிடாதே. ஆறறிவு உள்ள மனிதனே சட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு படகில் போகிறான். உன் குச்சிக் கால்கள் எம்மாத்திரம்?”

மான் அதை அப்படியே நம்பிவிட்டது. பாவம், கால் அதனுடையது, கணக்கு மனிதனுடையது என்று அதற்குத் தோன்றவே இல்லை.

நரி படகில் ஏறியதே கிடையாது. படகுத்துறைக் கடையின் பின்னால் படுத்துக்கொள்ளும். தீவிலிருந்து திரும்புகிறவர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கும். “ஒரு மான் என் கையை நக்கியது” என்று யாராவது சொன்னால் போதும். மாலையில் அது, “உன் அக்கா கைநிறைய உப்புத் தின்றாள், உன்னை நினைத்துக்கொண்டாள்” என்று சேதியாகிவிடும். அதற்குக் கூலியாக, மான் தான் தின்னாமல் குவித்து வைத்த இலுப்பைப் பூவையும் இலந்தைப் பழத்தையும் நரி தின்று தீர்க்கும்.

ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்பார்கள். அக்காவைப் பார்க்க முடியாத தங்கைக்கு அந்தச் சேதிகள்தான் சர்க்கரை. “நான் எப்போது வருவேன் என்று கேட்டாளா?” என்று ஒவ்வொரு நாளும் கேட்கும். “கேட்டாள், கேட்டாள். தங்கச்சி சீக்கிரம் வருவாள் என்று சொல்லிவிட்டேன்,” என்று நரி வாயைத் துடைத்துக்கொள்ளும். இப்படியே ஐந்து வருஷம் ஓடிவிட்டது.

ஒருநாள் காலை. வழக்கம்போல மான் கரையில் நின்றபோது இரண்டு தெருநாய்கள் துரத்திக்கொண்டு வந்தன. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. போக வேறு இடமில்லை. மான் கண்ணை மூடிக்கொண்டு ஏரியில் பாய்ந்தது.

மூழ்கப் போகிறோம் என்றுதான் நினைத்தது. மூழ்கவில்லை. கால்கள் தாமாகத் தண்ணீரை உதைத்தன. தலை மேலேயே இருந்தது. கண்ணைத் திறந்து பார்த்தால் நாய்கள் கரையிலேயே நின்று குரைத்துக்கொண்டிருந்தன. முன்னால் தீவு தெரிந்தது.

மான் திரும்பவில்லை. அக்கா, அக்கா என்று மனசு அடித்துக்கொள்ள நேரே நீந்தியது. வெயில் ஏறுவதற்குள் அதன் குளம்பு தீவின் மண்ணைத் தொட்டுவிட்டது.

கரையில் ஓர் இளமான் நின்றுகொண்டிருந்தது. வந்த மானை ஏற இறங்கப் பார்த்தது. “அக்கரையிலிருந்து வருகிறீர்களா? அப்படியானால் நீங்கள் என் சித்திதான்,” என்றது. அதன் அம்மா தினமும் முதல் படகு சத்தம் கேட்டதும் இதே இடத்துக்கு வந்து நிற்குமாம். அக்கரையில் எது அசைந்தாலும், அதோ உன் சித்தி என்று காட்டுமாம்.

“உன் அம்மா எங்கே?” என்று மான் கேட்டது.

“போன கோடையிலேயே இறந்துவிட்டாள், சித்தி.”

மான் நம்பவில்லை. “நேற்று சாயங்காலம்கூட எனக்குச் சேதி அனுப்பியிருந்தாளே,” என்றது.

இளமானுக்கு அது விளங்கவில்லை. “நீந்தியே வந்தீர்களா? அம்மாவுக்கும் அக்கரைக்கு வர ஆசைதான். மனிதர்களே படகில்லாமல் வருவதில்லை, நாம் எப்படிப் போவது என்று சொல்லிச் சொல்லியே இருந்துவிட்டாள்,” என்றது.

தங்கை மான் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தது. அதன் முதுகில் ஏரித் தண்ணீர் இன்னும் காயவில்லை. அவ்வளவு பக்கத்தில்தான் இருந்தது அந்தக் கரை.

நீதி: நீ பார்க்கத் துடிக்கிறவரிடம் தூது விட்டுக்கொண்டிராதே. முடியாது என்று பிறர் சொல்வதை நம்பும் முன், ஒரு காலையாவது தண்ணீரில் வைத்துப் பார்.