திடல் நடுவே ஒரு சிலை

ஜெர்மனி நாட்டு ஊசியிலைக் காடு ஒன்றில் ரெனாட்டே என்ற பெண் முயல் இருந்தாள். கால்பந்தில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. அவள் உதைத்த பந்தைக் கரடியால்கூடத் தடுக்க முடியாது.

அவள் ஆட வந்த புதிதில் காட்டுப்பன்றித் தலைவர் குந்தர் என்ன சொன்னார் தெரியுமா? "பெண்கள் பந்தை உதைப்பதாவது! வளைக்குப் போ!"

ரெனாட்டே அக்கம்பக்கத்துக் காடுகளையெல்லாம் தோற்கடித்துக் கோப்பையோடு வந்தாள். கோப்பையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றவர் யார்? அதே குந்தர்! "இவள் பெரிய ஆளாக வருவாள் என்று நான் அன்றே சொன்னேன்!" நரம்பில்லாத நாக்கு எதையும் பேசும்.

வருடங்கள் ஓடின. முழங்கால் தேய்ந்து ரெனாட்டே ஆட்டத்தை விட்டாள். புகழ் மட்டும் குறையவில்லை. அவள் ஆடிப் பார்த்தே இராத ஆந்தைகள்கூட "எங்கள் ரெனாட்டே" என்று பீற்றிக்கொண்டன. அவளைப் பார்த்து ஆசைப்பட்ட பெண் குட்டிகள் குளத்தங்கரைத் திடலில் தினமும் பந்தாடினார்கள்.

அந்தத் திடல்மேல் குந்தருக்கு ஒரு கண். சேறாக்கிப் புரள வேண்டும் என்று ஆசை!

"குட்டிகளை விரட்டினால் காடே என்னைத் திட்டுமே?" என்று தன் செயலாளர் நரியிடம் கேட்டார்.

"ஏன் விரட்டுகிறீர்கள் தலைவரே? கௌரவியுங்கள்! திடல் நடுவில் ரெனாட்டேக்குச் சிலை வையுங்கள். சிலை முன்னால் பந்து உதைக்கலாமா? அவமரியாதை ஆயிற்றே! ஆட்டம் நின்றதும் திடல் உங்களுக்குத்தான்!"

"பலே!"

களிமண்ணில் சிலை எழுந்தது. முகம் முயலைப்போல இல்லை. குந்தரின் அத்தையைப்போல இருந்தது. திறப்பு விழாவில் ரெனாட்டேக்குப் பொன்னாடை, மாலை; பிறகு பேச்சு. குந்தர் ரெனாட்டேயைப் பற்றிக் கால்வாசியும் தன்னைப் பற்றி முக்கால்வாசியும் பேசினார்.

"இன்று முதல் இந்தப் புனிதத் திடலில் யாரும் பந்து உதைக்கக் கூடாது!" என்று முடித்தார். எல்லா மிருகங்களும் கைதட்டின. எதற்குத் தட்டுகிறோம் என்று யோசித்தால்தானே!

அணில் குட்டி அழுதாள். "அக்கா, காட்டில் வேறு சமதரையே கிடையாதே! இனி நாங்கள் எங்கே ஆடுவது?"

ரெனாட்டே எழுந்தாள். "தலைவரே, எனக்குச் சிலை வேண்டாம். திடலை இவர்களுக்கு விடுங்கள்."

"அடடா, என்ன அடக்கம்!" என்று நரி கண்ணைத் துடைத்துக்கொண்டது. கூட்டம் மறுபடி கைதட்டியது.

ரெனாட்டேக்குக் கோபம் பொங்கியது. பொன்னாடையைக் கழற்றி எறிந்தாள். நொண்டிக்கொண்டே வந்து அணில் குட்டியின் பந்தை வாங்கித் தரையில் வைத்தாள்.

"நிறுத்து! சிலைக்கு அவமரியாதை!" என்று கத்தினார் குந்தர்.

"சிலை யாருடையது?"

"உன்னுடையதுதான்!"

"அப்படியானால் அவமரியாதையும் என்னுடையதுதான்!"

விட்டாள் ஓர் உதை! முழங்கால் மளுக்கென்றது. சிலை பொலபொலவென்று சரிந்தது. அதன் தலை பறந்து வந்து குந்தரின் மடியில் உட்கார்ந்தது.

"ஐயோ, என் திடல்!" என்று அலறினார் குந்தர்.

கைதட்டிய கூட்டம் அவர் பக்கம் திரும்பியது. "உங்கள் திடலா?" என்று கேட்டது கரடி. குந்தர் எடுத்தார் ஓட்டம். நரி அவருக்கு முன்னாலேயே ஓடிவிட்டது.

வீங்கிய முழங்காலைப் பிடித்தபடி ரெனாட்டே தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றிக் களிமண் கட்டிகளுக்கு நடுவே குட்டிகள் பந்தைத் துரத்தினார்கள்.

ஒருத்தியைப் போற்றுவதாகச் சொல்லி, அவள் பின்னால் வருபவர்களின் வழியை அடைப்பது மரியாதை அல்ல, மோசடி.