உடும்புக்கு வேலை மாற்றப் போன தவளை

"விடுங்கள், உடும்பாரே! பிடியை விடுங்கள்!" என்று பாறை உச்சியில் உட்கார்ந்துகொண்டு தவளை கத்தியது.

"விட்டா விழுந்துடுவேனே, கோச் சார்!" என்றது உடும்பு. முன்னங்கால் நகங்களைப் பாறை விளிம்பில் மாட்டிக்கொண்டு அது அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. கீழே பெரிய பள்ளம்.

"விழமாட்டீர்கள்! கீழே போய்ச் சேர்வதற்குள் புது வேலை வந்துவிடும்!"

"வரலைன்னா?"

"நம்பிக்கை இல்லாதவர்களுக்கு நான் வகுப்பு எடுப்பதில்லை!"

இந்தக் கூத்து எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன்.

கோடை வந்தால் அந்தக் காட்டுக் குளம் காய்ந்துவிடும். பாறைக்கு மேலே இருக்கிற சுனை மட்டும் வற்றாது. பாறையில் முக்கால்வாசி தூரம் யாரும் ஏறிவிடலாம். கடைசிக் கொஞ்சம்தான் வழுவழுவென்று வழுக்கும். அங்கேதான் உடும்புக்கு வேலை. உச்சியை நகத்தால் இறுகப் பிடித்துத் தொங்கும். மற்றவர்கள் அதன் வாலைப் பிடித்து, முதுகில் கால் வைத்து ஏறிப் போய்த் தண்ணீர் குடிப்பார்கள். முயல் ஏறும். கீரி ஏறும். முள்ளம்பன்றி ஏறும்போது உடும்பு கண்ணை இறுக மூடிக்கொள்ளும். கரடியும் ஏறும்.

சின்ன வயதில் சேர்ந்த வேலை. இப்போது நடுவயது. முதுகு போய்விட்டது. வால் இரவெல்லாம் விண்விண் என்று வலித்தது. "இனிமே என்னால முடியாது! வேற வேலைக்குப் போறேன்! ஆனா பிடிக்கிறதைத் தவிர எனக்கு என்ன தெரியும்?" என்று உடும்பு புலம்பியது.

அந்த நேரம் பார்த்துத் தவளை, வேலை மாற வழி சொல்லித்தருகிறேன் என்று கடை விரித்தது.

"நான் தலைப்பிரட்டையாக இருந்தவன்! தண்ணீருக்குள்ளேயே கிடந்தவன்! துணிந்து வாலை விட்டேன், நான்கு கால் வந்தது! இன்று தரையிலும் நான்தான், தண்ணீரிலும் நான்தான்! என்னால் முடிந்தது உங்களால் முடியாதா?"

எல்லாத் தலைப்பிரட்டைக்கும் அதுதானே நடக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. உடும்பும் கேட்கவில்லை. வாய் நிறைய ஈசல் கொண்டுபோய்க் கொடுத்து வகுப்பில் சேர்ந்துவிட்டது.

முதல் வகுப்பு.

"சின்ன வயதிலிருந்து உங்களுக்கு எது ரொம்பப் பிடிக்கும்?"

"முட்டை!"

"ஆகா! ஆசை இருக்கிற இடத்தில்தான் திறமை இருக்கும்! முட்டைக் காவலுக்குப் போங்கள்!"

போனது. கௌதாரி ஒன்று அதை வேலைக்கு வைத்துக்கொண்டு இரை தேடக் கிளம்பியது. திரும்பி வந்து பார்த்தால் கூடு காலி.

"எங்கேய்யா முட்டை?"

"பத்திரமா இருக்குங்க" என்று உடும்பு வயிற்றைத் தடவியது.

"தெரியும்டா உன் லட்சணம்! அதான் கூமுட்டையா வச்சுட்டுப் போனேன்!" என்று கௌதாரி தலையிலிருந்து வால் வரைக்கும் கொத்தித் துரத்தியது. உடும்புக்கு வயிற்றுப்போக்கு வேறு.

தவளை கொஞ்சமாவது வெட்கப்பட்டதா? இல்லை! "தப்பு என் பாடத்தில் இல்லை. பழைய வேலை இன்னும் உங்கள் நகத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பள்ளத்துப் பக்கம் தொங்குங்கள். நான் மூன்று எண்ணியதும் விட்டுவிடுங்கள். அதுதான் கடைசிப் பாடம்!" என்றது.

அப்படித்தான் உடும்பு இப்போது தொங்கிக்கொண்டிருந்தது.

"ஒன்று!" என்றது தவளை. "இரண்டு!" என்றபடி மாணவன் முகத்தைப் பார்க்க எட்டிக் குனிந்தது. ஈரக்கால் வழுக்கியது! உடும்பின் தலைமேல் விழுந்து, முதுகில் சறுக்கி, வால் நுனியை நான்கு காலாலும் கட்டிப் பிடித்துக்கொண்டது.

"மூன்று!" என்றது கீழே இருந்து ஒரு குரல்.

பள்ளத்தில் சாரைப்பாம்பு வாயை ஆவென்று திறந்து வைத்துக்கொண்டு நின்றது.

"உடும்பண்ணே! பாடம் முழுக்கக் கேட்டேன். அருமையான பாடம்! சட்டுனு விடுங்க!"

"விடாதே! விடாதே! விடாதேடா!" என்று தவளை அலறியது.

"நீங்கதானே சார் விடச் சொன்னீங்க?"

"அது நான் மேலே இருக்கும்போது!"

"புது வேலை வரும்னீங்களே?"

"வரும்ணே, வரும்!" என்றது பாம்பு. "எனக்குச் சாப்பாடே வந்துடுச்சு, உங்களுக்கு வேலை வராதா?"

உடும்புக்கு உண்மையிலேயே புது வேலை வேண்டும். அதனால் யோசித்தது. மெல்ல ஒரு நகத்தைத் தூக்கியும் பார்த்தது.

"ஐயோ! பொய் சொன்னேன்!" என்று தவளை கதறியது. "வாலை நான் விடவில்லை, அதுவே போனது! காலும் அதுவே வந்தது! எனக்கு ஒரு மண்ணும் தெரியாது!"

"அட!" என்றது உடும்பு.

"என்ன அட?"

"வலிக்கவே இல்லையே! நீங்க வால்ல தொங்குறீங்க, துளி வலி இல்லை. முயல் ஏறினாலும் வலிச்சதில்லை. கீரி ஏறினாலும் வலிச்சதில்லை. முள்ளம்பன்றி குத்துறது அத்தோட சரி, கரடி ஏறுற அன்னிக்குத்தான் ராத்திரியெல்லாம் வலி. கோச் சார்! எனக்கு வேலை ஆகாம இல்லை! கரடிதான் ஆகலை!"

உடும்புக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடம்பு குலுங்கச் சிரித்தது. வால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. வாலோடு தவளையும் ஆடியது. தவளையோடு பாம்பின் திறந்த வாயும் ஆடியது.

"சிரிச்சது போதும்ணே, கழுத்து சுளுக்குது! விடுங்க!" என்றது பாம்பு.

உடும்பு தூக்கிய நகத்தைத் திரும்ப மாட்டியது. பின்னங்காலை ஊன்றியது. தவளையோடு விறுவிறு என்று மேலே ஏறிவிட்டது.

மறுநாள் காலையில் கரடி வந்து வாலில் கை வைத்தது.

"கரடியண்ணே, இனிமே உங்களுக்கு வால் கிடையாது."

"அப்போ தண்ணிக்கு நான் எங்கே போவேன்?"

"உங்களுக்குத்தான் மரம் ஏற வருமே! பாறையை ஒட்டி அத்தி மரம் நிக்குது பாருங்க, அது வழியா வாங்க!"

கரடி மரத்தைப் பார்த்தது. "அட, ஆமா! இத்தனை வருஷமா ஏன்யா சொல்லலை?"

"நீங்க கேட்கலை, நானும் சொல்லலை!"

முயல் வந்தது, கீரி வந்தது, எல்லாரும் ஏறினார்கள். அன்று இரவு உடும்பு வாலை நீட்டிப் போட்டுக் குறட்டை விட்டுத் தூங்கியது.

தவளை மட்டும் ரகசியமாக வந்து, "பள்ளத்தில் நடந்ததைப் பற்றி மூச்சு விடாதீர்கள், உடும்பாரே! என் பிழைப்பு போய்விடும்!" என்று கெஞ்சியது. உடும்பு அதைக் கேட்கவில்லை, வாலைப் பிடித்து ஏறுகிற ஒவ்வொருவரிடமும் முழுக் கதையையும் சொல்லிவிட்டு, "வேலையை விடுறதுக்கு முன்னாடி, உனக்கு வலி குடுக்கிறது வேலையா, அந்த வேலை மேல ஏறின கரடியான்னு பார்த்துக்கோ!" என்றது.