உரிமம் என்ற கட்டம்

நாகர்கோவிலில் ஜெசிந்தா டீச்சருக்கு ஒரு சீடர் இருந்தார். டீச்சருக்கு வயது நாற்பதுக்குள்தான். சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. தாணுமாலயன் என்று பெயர். ஆயுளில் பாதியைக் கோர்ட்டில் கழித்த வக்கீல். கறுப்புக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பள்ளிக்கூடப் பையனைப் போல டீச்சர் முன்னால் வந்து உட்கார்ந்தவர். டீச்சர் அவரை ‘சார்’ என்றுதான் கூப்பிடுவார், அவர் டீச்சரை ‘டீச்சர்’ என்று. யார் குரு என்று புதிதாக வருகிறவர்களுக்குக் குழப்பமாகத்தான் இருக்கும்.

டீச்சர் காத்துவந்தது ஒரு களஞ்சியம். நெல் கொட்டுகிற களஞ்சியம் அல்ல, மென்பொருள் களஞ்சியம். முகம் தெரியாத பலபேர் எழுதிய மென்பொருள்களைப் பொதி பொதியாகக் கட்டி அதில் அடுக்கி வைப்பார்கள். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம், காசு கிடையாது. பினாங்கிலும் மட்டக்களப்பிலும் டொராண்டோவிலும் ஆட்கள் அதற்கு நகல் வைத்திருந்தார்கள். இங்கே வைத்தது தானாக அங்கே போய்ச் சேரும். இங்கே நீக்கினால் அங்கேயும் காணாமல் போகும்.

வக்கீல் இந்த வேலையைக் கற்க வந்தது மனைவிக்காக. பகவதியம்மாளுக்குக் கண்பார்வை போய்விட்டது. தமிழில் எதைக் கொடுத்தாலும் உரக்கப் படிக்கும் ஒரு பெண்குரல் மென்பொருளை இணையத்தில் எங்கோ கண்டுபிடித்து, பொதியாகக் கட்டி, களஞ்சியத்தில் ஏற்றினார் வக்கீல். அன்றிலிருந்து காலைதோறும் அந்தக் குரல் பகவதியம்மாளுக்குப் பேப்பர் படித்தது. கண் தெரியாத பிள்ளைகளின் பள்ளி ஒன்றிலும் அதை வைத்துத்தான் பாடம் நடந்தது. வக்கீலுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

ஒருநாள் காலை அவர் ஒரு காகிதத்தோடு வந்தார்.

“டீச்சர், நமக்கு நோட்டீஸ் வந்திருக்கு.”

“யாரு அனுப்பினது?”

“ஆவுடைநாயகின்னு தென்காசியில ரிட்டயர்டு தமிழாசிரியை. அந்தக் குரல் அவியளோடதாம். கண்ணு தெரியாதவங்க கேக்கட்டும்னு பதிஞ்சு போட்டிருக்காவ. இப்ப மனை விக்கிற கம்பெனி ஒண்ணு அதே குரலை வச்சு ஊர்பூரா போன் போடுதாம். ‘பிளாட் வேணுமா’ன்னு அவிய குரலே அவிய போன்ல வந்து கேட்டிருக்கு. உடனே எடுக்கச் சொல்லுதாவ.”

“கம்பெனிக்கு எங்க கிடைச்சுது?”

“நம்மகிட்டதான்.”

“விக்கலாம்னு யாரு சொன்னா?”

வக்கீல் காகிதத்தைப் பார்த்தார். அதற்கு அவருக்குப் பதில் தெரியும்.

பொதி ஏற்றும்போது திரையில் ஒரு படிவம் வரும். அதில் ‘உரிமம்’ என்று ஒரு கட்டம். அது காலியாக இருந்தால் பொதி ஏறாது. ஆவுடைநாயகி தம் இணையப் பக்கத்தில் உரிமம் என்று எதுவும் எழுதியிருக்கவில்லை. எல்லோரும் வழக்கமாகப் போடுகிற உரிமம் ஒன்று உண்டு: யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். வக்கீலும் அதைப் போட்டார். கட்சிக்காரர் கையெழுத்தை மறந்தும் தாம் போட்டறியாத மனிதர் அவர். அன்றைக்கு மட்டும் விரல் தயங்கவே இல்லை.

“டீச்சர், களஞ்சியம் வச்சிருக்கிறவங்களுக்குச் சட்டத்துல என்ன பாதுகாப்பு இருக்கு, அதைச் சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கிடுதேன். நோட்டீஸ்ல ஏகப்பட்ட ஓட்டை. கையெழுத்தே இல்லை. நாம வெறும் இடம் குடுத்தவங்கன்னு சொல்லலாம், கோர்ட்டு உத்தரவு கொண்டான்னு கேக்கலாம். வருஷக்கணக்குல இழுக்கலாம். பிள்ளையளும் நிம்மதியா படிக்கும்.”

“அவிய சொல்லுதது உண்மையா?”

“அது வேற விஷயம் டீச்சர்.”

டீச்சர் மேற்கொண்டு பேசவில்லை. நோட்டீசின் அடியில் இருந்த எண்ணைத் தம் போனில் அழுத்தினார். ஸ்பீக்கரைப் போட்டு அதை வக்கீல் முன்னால் வைத்தார்.

மறுமுனையில் எடுத்தார்கள்.

“வணக்கம். யார் பேசுறீங்க?”

வக்கீல் எழுந்து நின்றுவிட்டார்.

அதே குரல். இன்று காலையில்கூட மழை நிலவரத்தையும் வெங்காய விலையையும் அவர் வீட்டில் படித்த குரல். அது இதுவரை அவரிடம் எதையும் கேட்டதில்லை. கும்பிட்டுக்கொண்டு நிற்கும்போது அம்மன் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவருக்கு. நீதிபதிகள் முன்னால் நிற்காத பேச்சு இங்கே நின்றுபோனது.

“இருக்கீங்களா?”

“இருக்கேம்மா. என் பேரு தாணுமாலயன். உங்க குரலைக் களஞ்சியத்துல ஏத்தினது நான்தான். யாரும் விக்கலாம்னு எழுதினதும் நான்தான்.”

“எதுக்கு அப்படி எழுதினீங்க?”

அவர் யோசித்துப் பார்த்தார். வேறு காரணம் எதுவும் அகப்படவில்லை.

“கட்டம் காலியா இருந்துதும்மா.”

வக்கீல் போனைக் கிட்டே இழுத்துக்கொண்டார்.

“தப்புதான். கொஞ்சம் லைன்ல இருங்க, இப்பவே எடுத்துடுதேன். அந்த மனைக்காரன்கிட்ட போனதை என்னால திருப்பி இழுக்க முடியாது. ஆனா அவன் மேல உங்களுக்காக நான் வழக்குப் போடுதேன்.”

பொதியைக் களஞ்சியத்திலிருந்து எடுத்தார். திரையில் நகல்களின் பட்டியல் தெரிந்தது. பினாங்கில் போனது. மட்டக்களப்பில் போனது. டொராண்டோவில் அப்போது எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்திருப்பார்கள், அங்கேயும் போனது. ஏன் எடுத்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் வாங்கிய எந்தக் கோர்ட்டு உத்தரவும் இத்தனை மரியாதையைப் பார்த்ததில்லை. ஏற்றிய அன்றைக்கும் இவர்கள் இப்படித்தான் அவர் சொல்லை நம்பி எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

“எல்லா இடத்துலயும் எடுத்தாச்சும்மா. எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு. போனதும் அதையும் எடுத்துடுதேன்.”



“உங்க வீட்டுல யார் கேக்குறாங்க?”

“என் வீட்டுக்காரி. கண்ணு தெரியாது. காலையில பேப்பர் கேப்பா.”

“முதல்ல எந்தப் பக்கம்?”

“இரங்கல் விளம்பரம்.”

குரல் சிரித்தது. வாய்விட்டு, மூச்சு இரைக்க. அந்தக் குரலுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே இத்தனை நாளாக அவருக்குத் தெரியாது. பகவதிக்கும் தெரியாது. வக்கீல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டீச்சர் ஒரு புதிய படிவத்தைத் திறந்து திரையை அவர் பக்கம் திருப்பினார். பொதியின் பெயர் இருந்தது, குரல் கொடுத்தவர் என்ற இடத்தில் ஆவுடைநாயகி என்று இருந்தது. உரிமம் என்ற கட்டம் மட்டும் காலி.

வக்கீல் விசைப்பலகைமேல் கையை வைத்தார், எடுத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“டீச்சர், இந்தக் கட்டத்துல இப்ப நான் என்ன போடட்டும்?”

“எங்கிட்ட ஏன் கேக்கிய, சார்? அந்தம்மா இன்னும் லைன்லதான் இருக்காவ.”