சேற்றில் பதித்த கால்கள்

பாறைக்குளத்துக்குத் தண்ணீர் குடிக்க வரும் விலங்குகளுக்கு ஒரு காவல் உண்டு. கரைமேல் உயரமாக ஒரு பாறை. அதில் நிற்பவர் செந்நாய்க் கூட்டம் வருகிறதா என்று பார்க்கவேண்டும். வந்தால் கத்தவேண்டும். அவ்வளவுதான் வேலை. அதற்குக்கூட ஒழுங்காக ஆள் பொறுக்கத் தெரியவில்லை அந்த விலங்குகளுக்கு.

கோடையில் தண்ணீர் வற்றிக் கரையில் சேறு தெரிந்ததும் தேர்தல். நடத்துவது ஆமை. போட்டியிடுகிறவர்களுக்கு ஆளுக்கொரு சேற்றுத் திட்டு. யாரைப் பிடிக்கிறதோ அவர் திட்டில் முன்னங்காலைப் பதிக்கவேண்டும். ஒரு விலங்குக்கு ஒரு தடம். சாயங்காலத்துக்குள் சேறு காய்ந்து கல்லாகிவிடும். மழை வந்து அதைக் கரைக்கும்வரை அந்த முடிவை யாரும் மாற்ற முடியாது.

பல வருடமாகப் பாறையில் நின்றது ஒரு ஆட்காட்டிக் குருவி. குச்சிக் கால். குரல் நாராசம். செந்நாய் வந்தாலும் கத்தும், புதர் அசைந்தாலும் கத்தும்.

பெண்மான் ஒன்றுக்கு அதனால் பெரிய எரிச்சல். குட்டி போட்டுப் பத்து நாள்தான் ஆகியிருந்தது.

"அக்கா! இப்போதுதான் குட்டி கண்ணசந்தது. எழுப்பிவிட்டாயே! நன்றாகப் பார்த்துவிட்டுக் கத்தக்கூடாதா?"

"நன்றாகப் பார்க்கிற தூரத்தில் செந்நாய் வந்துவிட்டால், ஓட உனக்கு நேரம் இருக்குமா தங்கச்சி?" என்றது ஆட்காட்டி.

நியாயமான பதில். நியாயமான பதில் யாருக்குப் பிடிக்கிறது?

அந்த வருடம் ஒரு கழுதைப்புலி போட்டிக்கு வந்தது. வாய் நிறைய இலுப்பைப்பூ கவ்விக்கொண்டு வந்து மான்கள் முன்னால் கொட்டியது. பன்றிகள் முன்னால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கொட்டியது.

"சாப்பிடுங்கள், எல்லாம் உங்களுக்குத்தான்! நான் வந்தால் குளத்தில் நிம்மதி இருக்கும். கத்தல் கிடையாது. குழந்தைகள் தூங்கலாம்!"

"நீ கறி தின்கிறவன் ஆயிற்றே?" என்று ஒரு முயல் கேட்டது.

"செத்ததைத்தான் தின்பேன். இன்றுவரை யாரையாவது கொன்றிருக்கிறேனா? விசாரித்துப் பாருங்கள்!"

விசாரித்தார்கள். உண்மைதான். அதற்கு மேல் ஒருவரும் யோசிக்கவில்லை. செத்ததைத் தின்கிறவனுக்கு நாலு பேர் சாவதில் லாபம் உண்டே என்று ஒரு தலைக்கும் தோன்றவில்லை. வாயெல்லாம் இலுப்பைப்பூ. அந்தப் பூவும் குளக்கரை மரத்திலிருந்து உதிர்ந்ததுதான். அவர்களுடைய மரம், அவர்களுடைய பூ! அதைப் பொறுக்கி அவர்களுக்கே கொடுத்துவிட்டு வள்ளல் ஆகிவிட்டது கழுதைப்புலி.

தேர்தல் நாள் காலையில் காட்டுப்பன்றி முதல் ஆளாக வந்து, கழுதைப்புலியின் திட்டில் நாலு காலையும் பதிக்கப் பார்த்தது.

"ஏய்! ஒரு கால்!" என்று அதட்டியது ஆமை.

"நாலு வாய் பூ தின்றேன் ஆமையாரே. நன்றி வேண்டாமா?"

பெண்மான் இரண்டு திட்டுக்கும் நடுவில் கொஞ்சநேரம் நின்றது. பிறகு தூங்குகிற குட்டியைப் பார்த்தது. கழுதைப்புலியின் திட்டில் காலை அழுத்தியது.

முள்ளம்பன்றிகள் வரவே இல்லை. ஆமை வளைவரைக்கும் போய்க் கூப்பிட்டது.

"இரண்டு பேரும் ஒன்றுதான்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "யார் வந்தால் எங்களுக்கு என்ன? முதுகில் முள் இருக்கிறது. சேற்றில் கால் வைத்து அழுக்காக்கிக்கொள்ள எங்களுக்கு வேறு வேலை இல்லையா?"

ஆமை தடங்களை எண்ணியது. கழுதைப்புலிக்கு ஐம்பத்து மூன்று. ஆட்காட்டிக்கு நாற்பத்தாறு. வளைக்குள் உட்கார்ந்து ஞானம் பேசிய முள்ளம்பன்றிகள் பன்னிரண்டு!

பாறைமேல் ஏறியதும் கழுதைப்புலி முதல் உத்தரவு போட்டது.

"இனி என்னைத் தவிர யாரும் கத்தக்கூடாது. வீணாகப் பீதி கிளப்புகிறவர்களுக்குக் குளத்தில் தண்ணீர் கிடையாது!"

எல்லாத் தலையும் ஆடியது. ஆட்காட்டி ஓடைக்கு அப்பால் இருந்த சரளைமேட்டுக்குப் போய்விட்டது.

பத்து நாள் சுகமான தூக்கம். "இதல்லவா ஆட்சி!" என்றது காட்டுப்பன்றி.

பதினோராம் நாள் உச்சிவெயிலில் சரளைமேட்டிலிருந்து ஆட்காட்டி கத்தத் தொடங்கியது. கத்திக்கொண்டே குளத்தைச் சுற்றிப் பறந்தது.

"ஆரம்பித்துவிட்டாள்! தோற்றுப்போன வயிற்றெரிச்சல்!" என்று சிரித்தது காட்டுப்பன்றி.

"பயப்படாதீர்கள், பாறைமேல் நான் இருக்கிறேன்!" என்றது கழுதைப்புலி.

பெண்மான் மட்டும் தலையைத் தூக்கிப் பாறையைப் பார்த்தது. கழுதைப்புலியின் கண் புதர்ப்பக்கம் இருந்தது. நாக்கு உதட்டை நக்கிக்கொண்டிருந்தது.

மான் அதற்குமேல் நிற்கவில்லை. குட்டியை முகத்தால் முட்டித் தண்ணீருக்குள் தள்ளியது. தானும் குதித்தது. அடுத்த நொடி புதரிலிருந்து செந்நாய்கள் பாய்ந்தன. அக்கரை சேர்ந்து திரும்பிப் பார்த்தபோது காட்டுப்பன்றியின் மூன்று குட்டிகள் இல்லை. ஒரு கிழ ஆண்மானும் இல்லை. வளைக்கு வெளியே மேய்ந்த ஒரு முள்ளம்பன்றியும் இல்லை. நாய்கள் கூட்டமாக வந்தால் முள்ளும் உதவாது போலிருக்கிறது.

செந்நாய்கள் போனபின் கழுதைப்புலி நிதானமாக இறங்கி வந்து மிச்சத்தைத் தின்றது.

"ஏன் கத்தவில்லை, பாவி?" என்று அலறியது காட்டுப்பன்றி.

"கொன்றது நானா? கத்தவில்லை, அவ்வளவுதானே! நிம்மதி கேட்டீர்கள், கொடுத்தேன்."

எல்லாரும் ஆமையிடம் ஓடினார்கள்.

"நான் இவனுக்குப் போடவே இல்லை!" என்றது காட்டுப்பன்றி.

"நானும் இல்லை!" "நானும் இல்லை!"

ஆமை காய்ந்த திட்டைக் காட்டியது. முதல் தடமே பன்றிக் குளம்பு.

"நான் போட்டேன்," என்றது பெண்மான். "என் புத்தி அப்படிப் போயிற்று. இப்போது என்ன செய்வது, அதைச் சொல்லுங்கள். எனக்குக் குட்டி இருக்கிறது."

"திட்டை மிதித்து அழித்துவிடுங்கள்!" என்று கத்தியது ஒரு மான்.

"இன்று இவன் திட்டை அழித்தால், நாளை நல்லவன் திட்டையும் ஒருவன் அழிப்பான். மழை வரட்டும்," என்றது ஆமை.

"அதுவரை சாகவா?"

"எதற்குச் சாகவேண்டும்? அவனுக்கு நீங்கள் கொடுத்தது பாறையை. உங்கள் வாயையுமா கொடுத்தீர்கள்? கத்தக்கூடாது என்று சொல்ல அவன் யார்? தலையை ஆட்டியது நீங்கள்தானே!"

மான் ஆட்காட்டி இருந்த சரளைமேட்டைப் பார்த்தது. பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஒரு கத்தல் கத்திப் பார்த்தது.

"உத்தரவை மீறுகிறாயா? உனக்குத் தண்ணீர் கிடையாது!" என்று உறுமியது கழுதைப்புலி.

மானுக்குப் பக்கத்தில் முயல் வந்து நின்றது. காட்டுப்பன்றி வந்து நின்றது. முள்ளம்பன்றிகள் பதினொன்றும் வந்தன. அத்தனை பேருக்கும் தண்ணீரை மறிக்க ஒரு கழுதைப்புலியால் முடியுமா?

அன்றிலிருந்து முறைபோட்டுப் பார்த்தார்கள். ஆட்காட்டி கத்தினால் மான் கத்தியது. மான் கத்தினால் பன்றி கத்தியது. செந்நாய்கள் நாலு தடவை வந்து வெறும் வாயோடு போயின. கழுதைப்புலிக்கு மிச்சம் விழவில்லை. ஒட்டிய வயிற்றோடு பாறைமேல் உட்கார்ந்திருந்தது.

ஆனியில் மழை கொட்டியது. சேறு கரைந்தது. மறுநாளே தேர்தல். முள்ளம்பன்றிகள் விடியும் முன்னே வந்து வரிசையில் நின்றன. காலெல்லாம் சேறு. ஒன்றும் முணுமுணுக்கவில்லை.

போட்டிக்கு வந்த ஆட்காட்டி பெண்மானிடம் தயங்கித் தயங்கிக் கேட்டது:

"தங்கச்சி, இந்தமுறை குரலைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளட்டுமா?"

"குறைத்துப் பார்! உனக்கும் போடமாட்டேன்!" என்றது மான். சொல்லிவிட்டுப் போய்க் காலைப் பதித்தது. பதித்த பிறகு வீட்டுக்குப் போய்த் தூங்கவில்லை. பாறைக்கு எதிரே, பாறையில் நிற்பவர் முகம் தெரிகிற இடமாகப் பார்த்துக் குட்டியோடு படுத்துக்கொண்டது.

தலைவரைத் தேர்ந்தெடுப்பது ஒரு நாள் வேலை. அவர் வேலை செய்கிறாரா என்று பார்ப்பதும், செய்யாவிட்டால் வாய் திறப்பதும் மற்ற எல்லா நாளும் உன் வேலை.