அறுகீரைக்கு வந்த ஆபத்து

முன்னொரு காலத்தில் கொன்றைநாட்டைக் கோமளவர்மர் என்று ஒரு ராஜா ஆண்டார். தங்கமான மனுஷர்தான், ஆனால் மூக்குக்கு மேலே கோபம். அவருடைய ஒரே மகள் முத்தழகி காய்ச்சலில் கிடந்து எழுந்தவள், எதைக் கொடுத்தாலும் துப்பினாள். அரண்மனைத் தோட்டக்காரி செவந்தாயி கீரையைக் கடைந்து, சோற்றில் பிசைந்து ஊட்டினாள் பாருங்கள், குழந்தை "இன்னும்!" என்று வாயைத் திறந்தது. ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்ன கீரை, தாயே?"

"அறுகீரைங்க, சாமி."

ராஜாவுக்கு ஆமாம் சாமி போடுகிற சிங்காரநாதர் பக்கத்தில்தான் நின்றார். ஒரு தோட்டக்காரிக்கு இவ்வளவு மரியாதையா என்று அவருக்கு வயிறு எரிந்தது.

"பிழைத்து எழுந்த குழந்தைக்கு 'அறு' என்று ஆரம்பிக்கிற கீரையா? அபசகுனம், மன்னா! இனி இது ராஜகீரை!"

அவ்வளவுதான், பழைய பேரைச் சொன்னால் நாடு கடத்தல் என்று ராஜா உத்தரவு போட்டார். செவந்தாயி மறுநாளே பழக்கதோஷத்தில் சொல்லித் தொலைத்தாள். ஐயோ, குழந்தையை விட்டுப் போகவேண்டுமே என்று அவள் அழுத அழுகை!

மந்திரி நன்னனார் குறுக்கே வந்தார். "மன்னா, கீரைப்பாத்தியில் பாதி சிங்காரநாதருக்கு, பாதி இவளுக்கு. இருவரும் இன்று கீரை எடுக்கட்டும். பதினைந்து நாள் கழித்து யார் பாத்தியில் கீரை இருக்கிறதோ, அவர் சொன்ன பேர் நிலைக்கட்டும்."

ராஜா சரி என்றதும், "இவ்வளவுதானா!" என்று சிங்காரநாதர் புது ஆட்களை இறக்கினார். "ராஜகீரை கொண்டு வாருங்கள்" என்றால் அவர்களுக்கு என்ன தெரியும்? வேரோடு பிடுங்கிக் கட்டுக்கட்டாக அடுக்கினார்கள். செவந்தாயியோ அரிவாளால் மேல்தண்டை மட்டும் அறுத்து, அடித்தண்டை விட்டுவைத்தாள்.

பதினைந்தாம் நாள் ராஜா வந்து பார்த்தார். ஒரு பாதி வெறும் மண். மறுபாதி பச்சைப்பசேல்!

"என்னய்யா இது?"

நன்னனார் சொன்னார்: "எப்படி எடுக்கவேண்டும் என்று அந்தப் பேரே சொல்லிக்கொடுத்தது, மன்னா. நாம்தான் அதன் வாயை அடைத்தோம்."

செவந்தாயி தயங்கித் தயங்கி வாய் திறந்தாள். "அறுத்தாலும் துளிர்க்குமுங்க சாமி, நம்ம பாப்பா மாதிரி. இதுல என்ன அபசகுனம்?"

ராஜா தலை குனிந்தார். தோட்டத்தைச் செவந்தாயிக்கே எழுதிக் கொடுத்தார். வெறும் பாத்தியில் விதை போட்டுத் தண்ணீர் ஊற்றும் வேலை சிங்காரநாதருக்கு. பிறகு ராஜா அவளிடம் அரிவாளை வாங்கி, அடித்தண்டு விட்டு, ஒரு கைப்பிடி தானே அறுத்தார்.

மத்தியானம் முத்தழகி தட்டைத் தட்டினாள். "அறுகீரை!"

சுற்றி நின்றவர்கள் ராஜாவின் முகத்தைப் பார்த்தார்கள். ராஜாதான் முதலில் சிரித்தார்.